ஊருணியில் கால் வைக்காதே: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, காரைக்குடி

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடு பார்க்க வருவார்கள், இல்லாவிட்டால் சாப்பிட வருவார்கள். தண்ணீர் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் லாட்ஜ் வரவேற்பில் இருந்த தம்பிக்குச் சிரிப்பு. "சித்திரையிலயா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். கார்த்திகையில் வந்திருந்தால் ஊர்க் குடிநீர்க் குளங்களான ஊருணிகள் நிறைந்து, படம் எடுக்க அழகாக இருந்திருக்கும். வெயிலில் எது மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் சித்திரையில் வந்தேன்.

சென்னைக்காரனுக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் 2019. அந்த ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். ஊரின் ஒரு நாள் தேவையில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு முந்தைய வருடம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளவு கட்டினார்கள். குழாயை மூடும் நாள் வராமலே தப்பித்தார்கள். அந்த 50 லிட்டரை நாம் ஒரு ஷவர் குளியலிலேயே முடித்துவிடுவோம்.

காரைக்குடியைப் பற்றி இன்று எழுத அதிகமில்லை. ஊருக்குக் குடிநீர் சம்பை ஊற்றுப் பக்கத்து நிலத்தடி நீர். அதன் ருசியைப் பற்றி டீக்கடைக்காரர் பேசியதைக் கேட்டால் தண்ணீருக்கே கர்வம் வந்துவிடும். "இந்தத் தண்ணியில போட்டாத்தான் டீ, சார். மதுரையில என் மச்சான் இதே தூள்தான் போடுறான், வராது." பேசிக்கொண்டே பின்னால் இருந்த இருபது லிட்டர் கேனைச் சாய்த்துக் கெட்டிலை நிரப்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. டீ நன்றாகத்தான் இருந்தது.

சனி, கானாடுகாத்தான்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். காலை ஆட்டோவில் திருச்சி ரோட்டில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஊருக்குள் வந்துவிட்டோம். ஆட்டோ அண்ணன் உள்ளூர்க்காரர். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எதில் வாட்ச்மேன் மட்டும் என்று தெரு தெருவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முக்கால்வாசி வீடுகளில் வாட்ச்மேன்தான்.

கூட்டம் போகிற அரண்மனை வீட்டைத் தாண்டி, அண்ணன் தெரிந்த ஒரு ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போனார். முகப்பு, பிறகு வளவு, நடுவில் திறந்த முற்றம். நாலு பக்கத்து நாட்டு ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்துத்தான் சரிகிறது. ஓரங்களில் தகரத் தூம்பு, மூலைகளில் குழாய். குழாய்க்கு நேர் கீழே கல்லில் ஒரு பள்ளம். அண்டா உட்காருகிற இடம். பள்ளம் தேய்ந்திருந்த அளவைப் பார்த்தால் எத்தனை தலைமுறை அண்டா அதில் ஏறி இறங்கியதோ.

"மொத மழைத் தண்ணிய விட்ருவோம் தம்பி. ஓட்டுல கெடக்கிற தூசி, புறா எச்சமெல்லாம் போகணும்ல? ரெண்டாவது மழைக்குத்தான் அண்டா வைக்கிறது. பழைய வேட்டிய நாலா மடிச்சு வாயில கட்டிருவோம். அண்டா நெறைஞ்சா மிச்சம் கெணத்துக்குப் போகும். எங்க அப்பத்தா காலத்துல மழைத் தண்ணியிலதான் பருப்பு வேகும். அவுகளுக்கு வேற தண்ணி எறங்காது."

பழைய வேட்டி என்றாரே, அதைக் குறித்துக்கொண்டேன். புதுத் துணி உதவாது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து, நெசவின் கண் அடைந்த பருத்தித் துணிதான் நன்றாக வடிகட்டும். இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை மடித்து, குடத்தின் வாயில் கட்டிக் குளத்து நீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி தண்ணீரில் உள்ள நுண்ணிய மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டு வரும். அவை துணியில் தங்கிவிடும். காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 48 சதவீதம் என்று 2003இல் வெளியானது அந்த முடிவு. செலவு ஒரு கிழிந்த சேலை.

ஆச்சி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தே ஒரு கணக்குப் போட்டேன். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டர் மழை. இந்த மாதிரி வீட்டில் பத்தாயிரம் சதுர அடிக் கூரை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். விழுவது எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். சிந்தியது, ஆவியானது போக ஆறரை லட்சம் கைக்கு வரும். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் லிட்டர் போதும். கூரையில் விழுவது மூன்று மடங்கு.

இதில் சிக்கல் என்னவென்றால், மழையின் பெரும்பகுதி சில மாதங்களிலேயே கொட்டிவிடும். சித்திரை வரை வைத்திருக்க அண்டா போதாது. அதனால்தான் கிணறு, அதற்குப் பிறகு தெரு வாய்க்கால், அதற்கும் பிறகு ஊருணி என்று அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். தெருக்களைக் கட்டம் போட்டுப் போட்டதே இந்தச் சரிவுக்கு ஏற்றபடி. வீட்டுக் கூரையில் விழுகிற தண்ணீர் எங்கே போய் முடிய வேண்டும் என்று யோசித்துவிட்டு ஊர் கட்டியிருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பிடித்தபோது எல்லாரும் தேக்குத் தூணையும் இத்தாலிப் பளிங்கையும்தான் பேசினார்கள். எனக்கு இந்த வாய்க்கால்தான் பெரிதாகத் தெரிகிறது.

அட்லாண்டிக் நடுவே பெர்முடா என்று ஒரு தீவுக்கூட்டம். ஆறு கிடையாது. அங்கே வீடு கட்டினால் வெள்ளைச் சுண்ணாம்புக் கூரையில் மழையைப் பிடித்து நிலத்தொட்டியில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். இன்றும் குடிப்பது அதைத்தான். நம்மிடமும் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் அந்தக் குழாய் இருக்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்று செயலாளருக்கே தெரியாது.

மாலை ஊருணிக்குப் போனோம். செம்புறாங்கல் படித்துறை, சுற்றுச்சுவர், அடியில் பச்சையாகக் கொஞ்சம் நீர். குடிக்கிற ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. குனிந்துதான் மொள்ள வேண்டும்; ஆடு மாட்டுக்கும் குளிக்கவும் வேறு குளம். நரம்புச் சிலந்தி நோயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டின் அருமை புரியும். காலில் புழு உள்ளவர் நீரில் இறங்கினால் புழு குஞ்சுகளைக் கக்கும். அவற்றைத் தண்ணீர்ப் பூச்சி தின்னும். பூச்சியோடு நீரைக் குடித்தவருக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் புழு கிளம்பும். 1986இல் உலகம் முழுக்க 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் இப்போது ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியில் வடிகட்டு, புண்ணோடு நீரில் இறங்காதே, இவ்வளவுதான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல்.

திரும்பும்போது ஆட்டோ அண்ணனிடம் அந்தக் கட்டைப் பற்றி வியந்து பேசிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் சும்மா ஓட்டினார். "கால் வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொன்னது சார். எங்க ஆளுகளுக்குக் குடமே வைக்கக் கூடாதுன்னு. எங்க அம்மா மேல நின்னு, யாராச்சும் ஊத்துனா வாங்கிட்டு வரும்." 1927இல் மகாராஷ்டிரத்து மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தது எதற்கென்று இந்த ஊர்ப் படித்துறையில் நின்றால் தெரியும். ஊருணியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

ஞாயிறு, ஆத்தங்குடி வழியாக

தரையில் பதிக்கும் பூங்கல் செய்கிற பட்டறை ஒன்றில் அரை மணி நேரம். கண்ணாடி மேல் கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, காய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "போர்த் தண்ணி உப்பா இருந்தா கல்லு மேல வெள்ளையா பூத்துரும் சார். நல்ல தண்ணிக்கு நாங்களும் அலையிறோம்." குடிப்பது மட்டும்தான் தண்ணீர்த் தேவை என்று நினைக்கிறோம். உலகத்தில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. வீட்டில் பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

அங்கிருந்து கிளம்பி வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினோம். கரை இருக்கிறது, மிஞ்சும் நீர் வழிகிற கலிங்கு இருக்கிறது, வயலுக்குத் திறக்கிற மடை இருக்கிறது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். வேலமர நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு காலத்தில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலி அறுப்பில் நெல்லாக வரும்.

"இப்ப யாரு திறக்கிறது?" என்றேன்.

"தண்ணி வந்தாத்தான திறக்க?" என்றார்.

மழை குறைந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினார். மழை பெய்கிறதாம், வரத்துதான் இல்லையாம். கை நீட்டிக் காட்டிய திசையில் தைல மரத் (யூகலிப்டஸ்) தோப்பு. "அங்க வரப்பு போட்டு வச்சிருக்கான். பெய்யிற மழை அங்கனயே நின்னு மரத்துக்குப் போகுது. இங்கிட்டு ஒரு பொட்டு வர்றதில்ல." மரம் நடுவது நல்லது என்று படித்து வளர்ந்த எனக்கு இது கேட்கப் பிடிக்காத செய்தி. ஆனால் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து விவசாயிகள் வருடக்கணக்காகச் சொல்லிவருவது இதைத்தான்.

கண்மாய் காய்ந்தால் போர் போடுகிறார்கள். உலகிலேயே நிலத்தடி நீரை அதிகம் இறைக்கிற நாடு இந்தியா. சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து இறைப்பதைவிட அதிகம். கண்மாய் நிறைந்தால் சுற்றிலும் கிணறு ஊறும், போரும் தப்பிக்கும். தமிழ்நாட்டில் ஏரி கண்மாய் என்று கணக்கில் உள்ளவை 39,000க்கும் மேல். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தூர் வாரும் திட்டத்தை அரசு மறுபடி கொண்டுவந்தது. வாரியவரை நல்லதுதான். ஆனால் கண்மாய் வயிற்றைத் தோண்டிவிட்டு, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தொடாமல் விட்டால் ஆழமான காய்ந்த பள்ளம் கிடைக்கும்.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாயைப் பற்றியும் பெரியவரிடம் கேட்டேன். மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர், 2021இல் அடிக்கல் நாட்டியது. வெள்ளக் காலத்து உபரியைத் திருப்பி இந்த மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது நோக்கம். "வரட்டும், வேணாங்கல. வந்தா எதுல தேக்குவாக?" என்று வேலங்காட்டைக் காட்டினார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான பொறியியல் கேள்வி இது.

திங்கள், மறுபடி காரைக்குடி

இன்று சிக்ரி வாசல் வரை. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று யாரும் சொல்வதில்லை, ஆட்டோக்காரருக்கும் அது சிக்ரிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். முன் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது, போகவுமில்லை. உப்பு நீரிலிருந்து மின்சாரத்தைக் கொண்டு உப்பைப் பிரிப்பது, நீரில் கரைந்த நஞ்சை மின்முனைகளால் திரள வைத்துப் பிரிப்பது என்று தண்ணீருக்கான ஆய்வுகளும் அங்கே நடந்திருக்கின்றன. உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு நடுவே இப்படி ஒரு ஆய்வகம் இருப்பது பொருத்தம்தான்.

எனக்கு இயந்திரங்கள் மேல் வெறுப்பில்லை. கடலோரப் பெருநகரத்துக்குக் கடல்நீர் ஆலை தேவைப்படலாம். சென்னைக்கு மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் வந்தன, ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். ஆனால் கடல்நீரை ஆயிரம் லிட்டர் நன்னீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். மிஞ்சும் அடர் உப்பு நீரைக் கடலிலேயே விட வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வும் அப்படித்தான்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. லாட்ஜ் மாடியில் அந்தக் கழிவுக் குழாயைக் கண்ணால் பார்த்தேன். நாள் முழுக்க ஒழுகுகிறது. கீழே பாத்திரம் துலக்கும் அக்கா அதில் ஒரு வாளி வைத்திருக்கிறார், தரை துடைக்க. அந்த விடுதியில் தண்ணீர் மேலாண்மை என்று ஏதாவது இருந்தால் அது அந்த வாளிதான்.

கழிவுநீரைத் திரும்ப எடுப்பதில்தான் நாம் ரொம்பப் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் எண்ணம். நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968இலிருந்தே சாக்கடை நீரைச் சுத்தம் செய்து குடிநீரில் சேர்க்கிறது. அங்கே பெய்கிற மழை செட்டிநாட்டு மழையில் பாதிகூட இல்லை. இஸ்ரேல் தன் கழிவுநீரில் மிகப் பெரும்பகுதியை வயலுக்கு அனுப்புகிறது. இங்கே எத்தனையோ ஊர்களில் வீட்டுக் கழிவு போகிற இடம், ஒரு காலத்தில் குடித்த ஊருணி.

மாலை பிள்ளையார்பட்டி. குளம், கும்பிடு, மோதகம். தண்ணீர்க் கணக்குக்கு இன்று விடுமுறை.

செவ்வாய், தேவகோட்டைப் பக்கம்

பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் ஊர்ப் பெயர் இல்லை. காலை எட்டு மணிக்கே ஊருணிக்குள் நாற்பது ஐம்பது பெண்கள், நூறு நாள் வேலை. காய்ந்து வெடித்த வண்டலை மண்வெட்டியால் கொத்தி, சட்டியில் அள்ளி, கைமாற்றிக் கரைக்கு ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பத்தடிக்குப் பத்தடி ஊற்றுக்குழி, அதில் கலங்கல் நீர்.

ஊரில் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது. திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகும் திட்டம், 2009இல் தொடங்கியது. உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு அது பெரிய விடுதலை. "வருது, வராமலும் இருக்கு" என்றார் ஒரு அம்மா. வராத நாளைக்கு இந்தக் குழி. வந்த நாளைக்கும் சோறு வடிக்க ஊருணித் தண்ணீர்தான் வேண்டுமாம் சிலருக்கு.

அந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டியதை எழுதியாக வேண்டும். கரகரப்பான மண் பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வட்டமாகத் தேய்த்தார். இருபது முப்பது சுற்று. கொட்டையிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் பால் மாதிரி இறங்கியது. ஊருணி நீரை ஊற்றி மூடிவைத்தார். மோர் குடித்துப் பேசிவிட்டு எழுந்தபோது திறந்து காட்டினார். மேலே தெளிவு, அடியில் களிமண் படிந்திருந்தது. நீரில் மிதக்கும் மண் துகள்களைச் சேர்த்துக் கட்டி, கனமாக்கிக் கீழே இறக்குகிறது கொட்டை. நகராட்சியில் படிகாரம் போடுவதும் இதற்குத்தான்.

"அப்ப கிருமி, அம்மா?"

"அதுக்குக் கொதிக்க வைக்கணும். கொட்டையா கிருமியக் கொல்லும்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவர் பார்த்த பார்வை சரிதான். தெளிந்த நீர் வேறு, சுத்தமான நீர் வேறு. வங்கதேசத்தில் குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள் என்று 1970களிலிருந்து லட்சக்கணக்கில் அடிகுழாய் போட்டார்கள். நீர் கண்ணாடி மாதிரி வந்தது. நிலத்தடியில் ஆர்சனிக் இருந்தது 1990களில்தான் தெரிந்தது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் அதைக் குடித்துவிட்டிருந்தார்கள். பழையது எல்லாம் நல்லது என்றும் புதியது எல்லாம் தீர்வு என்றும் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது. எந்தத் தண்ணீரானாலும் யாராவது ஒருவர் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உலகில் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்காத 200 கோடிக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தண்ணீரே இல்லாமல் இல்லை. அதைக் காக்கவும் சோதிக்கவும் சம்பளத்துக்கு ஆள் இல்லை.

ஊருணிக்குத் திரும்பி வந்து, பணம் யார் தருகிறார்கள் என்று கேட்டேன். கூலி அரசாங்கம். சுற்றுச்சுவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்திருக்கிறார்கள். பணத்துக்குக் குறைவில்லை. குறை வடக்குப் பக்கத்தில் இருந்தது. வரத்துக்கால் ஊருணிக்குள் நுழையும் இடத்துக்கு இருநூறு அடி முன்னால் பிளாட் போட்டு, கல் நட்டு, கயிறு கட்டியிருந்தார்கள். கால்வாய் இருந்த தடமே தெரியாதபடி செம்மண் கொட்டி மட்டமாக்கியிருந்தது. இந்த வருடம் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஐப்பசி மழை அந்த மண்மேட்டில் முட்டி ரோட்டுக்குத் திரும்பிவிடும்.

வேலையை மேற்பார்க்கும் பெண், நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த பழைய நில வரைபட நகலை விரித்துக் காட்டினார். இரண்டு கோடுகளாக வரத்துக்கால் அதில் இருக்கிறது, புல எண்ணோடு. மனு கொடுத்து ஆறு மாதமாகிறதாம். மூன்று தடவை நேரில் போய்க் கேட்ட பிறகு, வியாழக்கிழமை சர்வேயர் சங்கிலியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"வந்தா நூறு நாள் ஆளுக அம்பது பேரும் அங்கனதான் நிப்போம். எங்க அளக்குறாகன்னு நாங்களும் பாக்கணும்ல?" என்றார்.

எனக்கு நாளைக் காலை ரயில். அவர் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்; வியாழன் சாயங்காலம் கேட்டு, அளந்தார்களா இல்லையா என்பதை எழுதுகிறேன்.